பன்னீர் போன பிறகும் போகாத சந்தனம்

செட்டியார்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. மாலை ஆறரை மணி. மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. மண்டபத்து சிமெண்டுத் தரை மட்டும் பகல் சூட்டை இன்னும் விடவில்லை. வாசலில் ஒரு மேசை. அதில் கல்கண்டுத் தட்டு, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு. பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி செம்பை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பன்னீர் தெளிக்கிறாள். கழுத்தில் விழுந்த துளி சிலீரென்கிறது. சந்தனத்தை விரலில் தொட்டுப் புறங்கையில் தடவிக்கொண்டு உள்ளே போகிறோம்.

நாற்காலி தேடி உட்காருவதற்குள் பன்னீர் மணம் பாதி போய்விடுகிறது. மொய் எழுதி, பந்தி முடிந்து, கை கழுவி, வீடு வந்து படுத்த பிறகும் சந்தனம் மணிக்கட்டில் இருக்கிறது.

அதே மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் அண்ணன் மகன். ராஜபாளையத்தில் வாங்கிய புது செண்ட் அடித்து வந்திருந்தான். “சித்தப்பா, அட்டையில என்ன போட்டிருக்கான் பாருங்க. குளுகுளுன்னும் இருக்குமாம், கதகதப்பாவும் இருக்குமாம். ஆம்பளைங்க சாயங்காலத்துல போட்டுக்கிறதாம். ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்?”

சரியான கேள்விதான். வெந்நீரையும் ஐஸ் தண்ணீரையும் கலந்தால் வெதுவெதுப்புதான் மிஞ்சும். வாசனையில் மட்டும் குளிர்ச்சியும் கதகதப்பும் ஒன்றையொன்று அழிக்காமல் எப்படி நிற்கின்றன? விடையின் முதல் பாதி, நாங்கள் தாண்டி வந்த வாசல் மேசையிலேயே இருந்தது.

யார் முதலில் கிளம்புவது?

ஒரு பொருள் மணக்க வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் அதை விட்டுக் கிளம்பிக் காற்றேறி மூக்கு வரை வர வேண்டும். உப்புக்கல்லை முகர்ந்தால் ஒன்றும் தெரியாததற்குக் காரணம், அதிலிருந்து எதுவும் கிளம்புவதில்லை. கிளம்புகிற பொருள்களிலும் அவசரக்காரர் உண்டு, நிதானக்காரர் உண்டு. இந்தக் கிளம்பும் சுபாவத்தை ‘ஆவியாகும் திறன்’ என்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து கூட்டம் கலைவதை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாக வந்த இளவட்டம் சந்து பொந்தெல்லாம் நுழைந்து சீக்கிரமே பஸ் ஏறிவிடும். குடும்பத்தோடு வந்தவரோ இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பையோடு, பக்கத்தில் இருப்பவர் கையை விடாமல் நகர வேண்டும். அவர் கிளம்ப நேரமாகும். தாமதத்துக்குக் காரணம் இரண்டு: சுமை, கைப்பிடி.

மூலக்கூறுகளுக்கும் இதே கதைதான். எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளினால் தெறிக்கிற எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். பத்துக் கார்பன் அணுக்களும் பதினாறு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட சின்ன உருவம். மூலக்கூற்று எடை 136. அதில் ஆக்சிஜன் இல்லை. அதனால் அக்கம்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வலுவான கையும் இல்லை. சந்தன எண்ணெயில் ஏறத்தாழப் பாதி ஆல்ஃபா சாண்டலால். அதன் உடன்பிறப்பான பீட்டா சாண்டலால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. இவற்றில் கார்பன் பதினைந்து, எடை 220. போதாக்குறைக்கு ஓர் ஆக்சிஜனும் அதில் தொற்றிய ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்து, பக்கத்து மூலக்கூற்றை இழுத்துப் பிடிக்கும் கையாக வேலை செய்கின்றன. இந்தப் பிடிக்கு ‘ஹைட்ரஜன் பிணைப்பு’ என்று பெயர். லிமோனீன் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சாண்டலாலைக் கொதிக்கவைக்க 300 டிகிரியைத் தாண்ட வேண்டும்.

எண்ணெய் எடுக்கும் விதத்திலேயே இந்த வித்தியாசம் தெரியும். எலுமிச்சைத் தோலுக்குப் பிழிவது போதும். சந்தனத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையைத் தூளாக்கி, அதனூடே நீராவியை நாள்கணக்கில் செலுத்தினால்தான் எண்ணெய் இறங்கும்.

பன்னீரிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் வெறும் தண்ணீர். ரோஜா மணப்பொருள் அதில் துளியூண்டு. தண்ணீர் காய்கிற வேகத்தில் அந்தத் துளியும் காற்றோடு போய்விடுகிறது. சந்தனக் குழம்பிலும் தண்ணீர் காய்கிறது. ஆனால் எண்ணெயைத் தாங்கிய மரத்தூள் தோலில் ஒட்டியபடியே இருந்து இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இப்போது கல்யாணங்களில் வைப்பது பெரும்பாலும் செயற்கை மணம் சேர்த்த தூள்தான். சந்தன மணத்துக்காக வேதியியலர் உண்டாக்கிய பொருள்களும் கனமானவையே என்பதால் அதுவும் லேசில் போகாது.

நாள்கணக்கில் முகர்ந்த மனிதர்

எந்த மணம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை இங்கிலாந்தின் வாசனை வல்லுநர் வில்லியம் பௌச்சர் மூக்கை மட்டும் நம்பி அளந்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட மணப்பொருள்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் காகிதப் பட்டையில் தொட்டுவைத்து, நாள்தோறும் முகர்ந்து, மணம் அற்றுப்போகிற வரை குறித்துவந்தார். அதை வைத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 100 வரை ஓர் எண் கொடுத்து 1955இல் பட்டியலாக வெளியிட்டார். விரைந்து மறைபவை ஒற்றை இலக்கத்தில் நின்றன. சந்தனமும் வெட்டிவேரும் உச்ச எண்ணான 100ஐப் பெற்றன.

இந்தச் சோதனையை நம் வீட்டிலும் செய்யலாம். மை ஒற்றுத்தாளை விரல் அகலப் பட்டைகளாக நறுக்குங்கள். ஒன்றில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளித் தெறிக்க விடுங்கள். இன்னொன்றில் நசுக்கிய ஏலக்காயைத் தேயுங்கள். மூன்றாவதில் ஒரு சொட்டுச் சந்தன எண்ணெய். கால் மணி, ஒரு மணி, மறுநாள் காலை என்று முகர்ந்து எழுதிவையுங்கள். எலுமிச்சை முதலில் போகும், ஏலம் அடுத்துப் போகும், சந்தனம் அடுத்த நாளும் இருக்கும்.

வாசனை தயாரிப்பவர்களின் வித்தை இந்த வரிசையை முன்கூட்டியே திட்டமிடுவதில்தான் இருக்கிறது. அடித்த உடனே எழுந்து மறைவதை மேல்மணம் என்போம். அதன்பின் சில மணி நேரம் நிற்பது நடுமணம். கடைசி வரை தோலில் தங்குவது அடிமணம். குப்பியின் அட்டை சொல்கிற குளுமை பெரும்பாலும் மேல்மணத்தின் வேலை; கதகதப்பு அடிமணத்தின் வேலை. வெந்நீரும் ஐஸ் தண்ணீரும் போல இவை ஒன்றையொன்று கெடுக்காததற்கு முதல் காரணம், மேடை ஏறும் நேரம் வேறுவேறு என்பதுதான்.

ஆண்களுக்கான இன்றைய வாசனைகளில் பெரும்பகுதிக்கு மூதாதை, 1882இல் பாரிஸின் ஹூபிகான் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபூஜேர் ரோயால்’. அதை அமைத்தவர் பால் பார்க்கே. மேலே நாரத்தை இனத்து பெர்கமோட், லாவெண்டர்; அடியில் மரப்பாசியும் கூமரினும். கூமரின் என்பது காய்ந்த புல்லுக்கு இதமான மணம் தருகிற பொருள். செயற்கைச் சாயத்தால் பேர்பெற்ற வில்லியம் பெர்க்கின் அதை 1868இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியிருந்தார். ஃபூஜேர் என்றால் பிரெஞ்சில் பெரணிச் செடி. பெரணிக்குச் சொல்லும்படி மணம் கிடையாது. மணமில்லாத செடிக்கு ஒரு மணத்தைக் கற்பனை செய்து, மேலே குளுமையும் கீழே கதகதப்புமாகக் கட்டிய அந்த வீட்டு வரைபடம்தான் அண்ணன் மகனின் குப்பி வரை வந்திருக்கிறது.

அடிமணத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேர்க்கூட்டத்தில் கைகோத்த குடும்பங்கள் வழியை நிறைத்து நின்றால் இளவட்டமும் கொஞ்சம் மெதுவாகத்தான் வெளியேற முடியும். அதுபோலக் கனமான எண்ணெய் லேசான மணங்களின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தும். இதைச் செய்யும் பொருளை ‘மணம் நிறுத்தி’ எனலாம். உத்தரப்பிரதேசத்து கன்னோஜில் அத்தர் காய்ச்சுகிறவர்கள், செம்புக் கலத்தில் பூவைக் காய்ச்சி, வருகிற ஆவியைச் சந்தன எண்ணெயிலேயே இறக்குவது மரபு. நிற்காத பூமணத்தைச் சந்தனத்தின் கையில் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

குளிர்ச்சி மூக்கில் இல்லை

இனி அந்தச் ‘சிலீர்’. அதற்கு மூன்று ஊற்றுகள் உண்டு.

முதலாவது, அசல் குளிர். ஊசி போடுமுன் நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கும்போது தோல் ஜில்லென்று ஆகிறதே, அதேதான் செண்ட் அடித்ததும் நடக்கிறது. குப்பியில் பெரும்பங்கு ஆல்கஹால். அது ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீரும் பன்னீர்த் துளியும் குளிர்வது இதே வழியில்தான்.

இரண்டாவது, பொய்க் குளிர். புதினா மிட்டாய் வாயின் வெப்பநிலையை அப்படி ஒன்றும் இறக்குவதில்லை. ஆனாலும் குளிர்கிறது. முகத்துத் தோலிலும் மூக்கின் உள்பக்கத்திலும் பரவியிருக்கிற முக்கிளை நரம்பு வாசனையை அறிவதற்கானது அல்ல; சூடு, குளிர், எரிச்சல், வலி இவற்றைச் சொல்வது. அந்த நரம்பு நுனிகளில் குளிர் பட்டால் திறக்கிற வாசல் ஒன்று இருப்பதை 2002இல் கண்டுபிடித்தார்கள். புதினாவின் மெந்தால் பட்டாலும் அதே வாசல் திறக்கிறது. மூளை ‘குளிர்’ என்று படித்துக்கொள்கிறது. மிளகாயின் காரப்பொருள் சூட்டுக்கான வாசலைத் திறக்கும் என்பது 1997இலேயே தெரிந்திருந்தது. இந்த வாசல்களைக் கண்ட டேவிட் ஜூலியஸும், தொடுவுணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படாபூடியனும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

முகரும் நரம்பும் முக்கிளை நரம்பும் வேறு என்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒருவர் கண்ணைக் கட்டி, ஒரு மூக்குத் துளைக்கு மெந்தால் ஆவியும் மறு துளைக்கு வெறும் காற்றும் அனுப்பினால், எந்தப் பக்கம் மெந்தால் என்று சரியாகச் சொல்லிவிடுவார். மெந்தாலுக்குப் பதில் வெனிலா மணப்பொருளான வெனிலினை அனுப்பினால் மணம் தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாது. முகரும் புலனுக்கு இடம்வலம் பிடிபடுவதில்லை, தொடுகிற நரம்புக்குப் பிடிபடுகிறது. 1978இல் வெளியான ஓர் ஆய்வில், முகரும் திறனையே இழந்தவர்களிடம் 47 மணப்பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 45 பொருள்களை அவர்களில் சிலராவது உணர்ந்தார்கள், முக்கிளை நரம்பின் புண்ணியத்தில். யாருக்குமே தட்டுப்படாத இரண்டில் ஒன்று வெனிலின்.

நம் ஏலக்காய் இங்கேதான் வருகிறது. ஏலத்தின் எண்ணெயில் பெரும்பங்கு வகிக்கும் இரண்டில் ஒன்றான சினியோல், யூகலிப்டஸ் தைலத்திலும் முதன்மையானது. அது குளிர் வாசலைத் தட்டும். பாயசத்தில் ஏலம் போட்டால் சூடான பாயசத்திலும் ஒரு விறுவிறுப்பு ஏறுவதன் காரணம் இதுதான். வாசனைத் தொழிலில் ஏலத்தைக் ‘குளிர்ந்த மசாலா’ என்பார்கள். மேலே இருக்கும் எலுமிச்சைக்கும் கீழே இருக்கும் சந்தனத்துக்கும் நடுவே பாலம் போட அதை வைப்பார்கள்.

மூன்றாவது ஊற்று, பழக்கம். அதைக் கதகதப்போடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

கதகதப்பு எங்கிருந்து வந்தது?

வெனிலின் எந்தச் சூட்டு வாசலையும் பெரிதாகத் தட்டுவதில்லை என்று பார்த்தோம். இருந்தும் வெனிலா மணம் இதமாக, கதகதப்பாக இருக்கிறது என்றுதான் வாசனைக்காரர்கள் சொல்கிறார்கள். சந்தனத்தையும் அப்படியே வர்ணிக்கிறார்கள். நரம்பு சொல்லாத சூட்டை யார் சொன்னது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பால் சுண்டச் சுண்ட, அதன் கொழுப்பிலிருந்து லாக்டோன் என்னும் பொருள்கள் வெளிப்படுகின்றன. பாலின் சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடிப் பழுப்பேறிப் புது மணங்கள் பிறக்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பின் மணத்தைச் சிறுவயதிலிருந்து நாம் அடுப்பின் வெக்கையோடு சேர்த்தே அறிந்திருக்கிறோம். சந்தன மணத்தில் பால் தன்மை ஒன்று உண்டு. அதை எடுப்பாக்க வாசனைக்காரர்கள் லாக்டோனைச் சேர்ப்பதும் உண்டு. மணத்தைச் சந்தித்தபோது உடன் இருந்த சூட்டை மூளை அந்த மணத்தின் கணக்கிலேயே எழுதிவைத்துவிடுகிறது. மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உண்டு. அவற்றின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991இல் கண்டறிந்து 2004இல் நோபல் பெற்றார்கள். இந்த ஏற்பிகளில் சூட்டுக்கென்றோ குளிருக்கென்றோ ஒதுக்கிய ஏற்பி இல்லை.

இங்கே ஒரு முரண் நிற்கிறது. மேல்நாட்டார் கதகதப்பு என்கிற சந்தனத்தை நாம் காலங்காலமாகக் குளிர்ச்சி என்கிறோமே! வேர்க்குருவுக்குச் சந்தனம், வெயில் காலத்தில் நெற்றிக்குச் சந்தனம். யார் சொல்வது சரி?

இரண்டுமே சரி. நாம் சந்தனத்தைத் தண்ணீரில் இழைத்துப் பூசுகிறோம். குளிர்விப்பது, காய்கிற தண்ணீர். சந்தேகம் இருந்தால் ஒரு கையில் குழைத்த சந்தனமும் மறு கையில் உலர்ந்த தூளும் தடவிப் பாருங்கள். தூள் மணக்கும், குளிராது. அவர்களோ எண்ணெயாக எடுத்து ஆல்கஹாலில் கலந்து குப்பியில் அடைக்கிறார்கள். ஆல்கஹால் போனதும் எஞ்சுவது கனத்த, பால் போன்ற மணம் மட்டும். ஒரே மரம், இரண்டு பழக்கம், இரண்டு வெப்பநிலை.

இந்த நுட்பம் பாண்டி நாட்டுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, வாடைக் காலம் வந்ததும் சந்தனம் அரைக்கும் வட்டக்கல் வேலையில்லாமல் கிடப்பதையும், விசிறி மடங்கித் தொங்குவதையும், வீட்டில் அகில் புகை எழுவதையும் காட்டுகிறது. வெயிலுக்கு ஈரச் சந்தனம், குளிருக்கு அகில் புகை. பருவம் பார்த்து மணம் மாற்றும் வழக்கத்தைச் சங்கப் புலவரே பதிந்து வைத்திருக்கிறார்.

வேரில் இரண்டும்

குளுமையையும் கதகதப்பையும் ஒரே பொருளில் காட்டு என்றால் வெட்டிவேரைக் காட்டலாம். பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்தவர்களுக்கும், வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துக் கோடையைக் கழித்தவர்களுக்கும் அது குளிர்ச்சியே. காற்று ஈரத் தட்டியைத் தாண்டி வருகையில் சூட்டை இழக்கிறது. கூடவே மணத்தையும் சுமந்து வருகிறது. மணமும் குளிரும் நமக்கு ஒன்றாகவே அறிமுகமாயின. ஆனால் அந்த எண்ணெயைத் தனியே முகர்ந்தால் மண், மரம், லேசான புகை என்று ஆழமாக இறங்கும். நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் கலந்த, கனத்த எண்ணெய் அது. பௌச்சரின் பட்டியலில் சந்தனத்தோடு சமமாக 100இல் நின்றதை மேலே பார்த்தோம்.

கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் இன்றும் வெட்டிவேர் பயிராகிறது. 1950களின் பிற்பகுதியில் கார்வென், கெர்லேன், ழிவான்ஷி ஆகிய பாரிஸ் நிறுவனங்கள் ஆண்களுக்கான வாசனைகளை இந்த வேரின் பெயரிலேயே வெளியிட்டன. குப்பியில் அவர்கள் எழுதிய ‘வெட்டிவேர்’ தமிழிலிருந்து போன சொல். நம் பலசரக்குக் கடையில் கட்டாகத் தொங்குகிற வேர்தான் அங்கே கண்ணாடிக் குப்பிக்குள் இருந்தது.

நம் ஊர் மாலைக்கு எது?

‘மாலையில் கனத்த வாசனை போடு’ என்கிற அறிவுரை குளிர்நாட்டில் பிறந்தது. அங்கே இரவுக் குளிரில் மணம் எளிதில் எழாது. அதனால் அழுத்தமாகப் போட வேண்டியிருக்கிறது. பல திரவங்களின் ஆவியாகும் வேகம், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஆடி மாசத்துச் சாரல் காற்று இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற நாள்கள் போக, செட்டியார்பட்டியிலும் ராஜபாளையத்திலும் மாலை என்றாலும் வெக்கை இருக்கும். நிறைந்த மண்டபத்தில் கேட்கவே வேண்டாம். பாரிஸில் நான்கு முறை அடிப்பது இங்கே இரண்டு முறைக்கே மண்டபத்தை நிறைக்கும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரே மணம் தொடர்ந்து பட்டால் சில நிமிடங்களில் மூளை அதைக் கவனிப்பதை விட்டுவிடும். நம் மணம் நமக்குத் தெரியாமல் போகும்; பக்கத்து நாற்காலிக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ‘போய்விட்டது’ என்று நினைத்து மறுபடி அடிக்கிறோம். அண்ணன் மகன் பந்திக்கு முன் குப்பியை மறுபடி எடுத்தபோது நான் கையைப் பிடித்துக்கொண்டேன். போயிருந்தது எலுமிச்சை மட்டும். அடிமணம் அப்படியே இருந்தது.

ஆகவே வாங்கும்போது கடையில் முதல் மோப்பத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். அது மேல்மணம், கால் மணியில் காணாமல் போகும் விருந்தாளி. காகிதத்தில் அடித்து வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகருங்கள். இரவு முழுக்க உங்களோடு இருக்கப் போவது அதுதான். நம் வெக்கைக்கு எலுமிச்சையும் ஏலமும் மேலே, வெட்டிவேரோ சந்தனமோ மெல்லிசாக அடியில் என்ற அமைப்புப் பொருந்தும். வெனிலா தூக்கலாக உள்ளதை மார்கழிக்கு ஒதுக்கிவையுங்கள்.

அளவு தெரியவில்லை என்றால் கல்யாண வாசலில் தருகிற அளவைப் பாருங்கள்: ஒரு தெளிப்பு, ஒரு விரல் நுனி. அதற்கு மேல் யாரும் யாருக்கும் பூசுவதில்லை.